பன்னிரண்டு படங்களில் அம்மா இல்லை

எங்கள் வீட்டு ஆல்பத்தில் அம்மாவைவிட மேட்டூர் அணைதான் அதிகம் இருக்கிறது. பதினாறு கண் மதகில் தண்ணீர் நுரைத்துக் கொட்டுகிறது. பூங்காப் புல்வெளியில் அப்பாவும் மாமாக்களும் கைகட்டி நிற்கிறார்கள், முதுகுக்குப் பின்னால் அணைச்சுவர் நீண்டு போகிறது. அண்ணன் மொட்டைத் தலையோடு அழுகிறான். அம்மாவைத் தேடினால், ஏதோ ஒரு படத்தின் ஓரத்தில் தூக்குப்போசியோடு பாதி உடம்பு மட்டும் தெரியும்.

அது எழுபதுகளின் கடைசி, எண்பதுகளின் தொடக்கம். அப்பாவோடு ஆலையில் வேலை பார்த்த ஒருவரிடம் அக்ஃபா கிளிக் 3 கேமரா இருந்தது. பரோடாவில் செய்து நாடு முழுக்க விற்ற கேமரா. வெயிலுக்கு ஒரு நிலை, மேகத்துக்கு ஒரு நிலை, அவ்வளவுதான். ஃபோகஸ் திருப்ப ஒன்றும் கிடையாது, பத்தடி தள்ளி நின்று அமுக்கினால் போதும். அதற்குள் போடும் 120 ரோலில் பன்னிரண்டு படம் விழும். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு, 'இந்து' என்ற பெயரில் நம் மலையிலேயே தயாரான கறுப்பு வெள்ளை ரோல் சின்ன ஊர் ஸ்டுடியோக்களிலும் கிடைத்தது. கிடைத்தாலும் மலிவில்லை. ரோலுக்கு ஒரு காசு, கழுவ ஒரு காசு, பிரிண்ட் போடத் தனிக் காசு. சம்பள நாளுக்குக் காத்திருந்துதான் படம் வந்து சேரும்.

ஆடிப்பதினெட்டுக்கு அந்தக் கேமராவை இரவல் வாங்கி வருவார் அப்பா. ஆற்றில் தலை முழுகி, அணை முனியப்பனுக்குப் பொங்கல் வைக்க ஊரே திரளும் நாள். ஒரம்பரை எல்லாம் வந்திருப்பார்கள். பன்னிரண்டு படத்துக்கும் யாரும் எழுதிவைக்காத ஒரு வரிசை இருந்தது. முதலில் தண்ணீர். அணை 120 அடியைத் தொட்டிருந்தால் தண்ணீருக்கே இரண்டு மூன்று போய்விடும். அடுத்து ஆண்கள், அடுத்துப் பையன்கள், அந்த வருஷம் கல்யாணமான ஜோடி, மாப்பிள்ளை வீட்டார். அதற்குள் ரோல் முடிந்துவிடும். அம்மா அந்த நேரத்தில் மூன்று கல் கூட்டி, கரும்புகைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதிக்கொண்டிருப்பார். யாராவது கூப்பிட்டாலும், "எனக்கெதுக்குங்க, ஒரு படம் வீணாப் போகுது" என்பார். அப்பா நல்ல மனிதர்தான், அம்மாவை ஒதுக்கவேண்டும் என்று நினைத்ததே இல்லை. பன்னிரண்டு என்ற எண்ணே அந்த வேலையைச் செய்தது. எண்ணி எடுக்கவேண்டிய எதிலும் கடைசிப் பங்கு யாருக்கு என்பது நம் வீடுகளில் கேட்காமலே முடிவாகிவிடுகிறது.

அம்மாவின் முழு முகம் இருக்கும் பழைய படம் ஒன்றே ஒன்றுதான். கல்யாணமான புதிதில் ஸ்டுடியோவில் எடுத்தது. அந்த முகம் அம்மாவின் முகமில்லை. அம்மா நல்ல கறுப்பு. அந்தக் காலத்து டச்சிங் கலைஞர்கள் நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் மெல்ல இழைப்பார்கள். நெகட்டிவில் கரி ஏறும் இடம் பிரிண்டில் வெளுத்து வரும். அபாரமான கைத்திறன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் திறன் அம்மாவின் கன்னத்தில் இருந்த அம்மைத் தழும்பையும், கண்ணோரத்து நிழலையும், நிறத்தையும் சேர்த்து அழித்துவிட்டது.

கலர் ஃபிலிம் வந்தபோது நிலைமை மாறும் என்று நினைத்தோம். கோடாக் நிறுவனம் ஐம்பதுகளிலிருந்து லேப்களுக்கு ஓர் அட்டை அனுப்பிவந்தது. அதில் வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பெண்ணின் படம் இருக்கும். முதலில் அதற்கு நின்ற பெண்ணின் பெயரை வைத்து 'ஷெர்லி அட்டை' என்றே அதற்குப் பெயர். அவள் முகம் சரியாக வந்துவிட்டால் எல்லாம் சரி என்று நிறத்தை அமைத்துக்கொள்வார்கள். கறுத்த தோலின் நுணுக்கம் அந்த அளவுகோலில் விழவே இல்லை. அடர்ந்த பழுப்பு நிறங்களைப் பிரித்துக் காட்டும்படி ஃபிலிமை மேம்படுத்த முதலில் வற்புறுத்தியவர்களில் சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மர நாற்காலி, மேசை விற்பவர்களும் இருந்தார்கள் என்று படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. சாக்லேட்டின் பழுப்புக்குக் கிடைத்த அக்கறை என் அம்மாவின் பழுப்புக்குக் கிடைக்கவில்லை.

2007 வாக்கில் எங்கள் வீட்டுக்கு ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்குவது என்று முடிவானபோது, இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் தேடினேன். அப்போது சேலத்துக் கடைகளில் கோடாக் ஈஸிஷேர், சோனி சைபர்ஷாட், நிக்கான் கூல்பிக்ஸ், கேனன் பவர்ஷாட் என்று கண்ணாடிக்குள் அடுக்கியிருப்பார்கள். கடைக்காரரும் அண்ணனும் பேசியது ஒரே பேச்சு: எத்தனை மெகாபிக்சல்? அஞ்சா, ஏழா, எட்டா? நான் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டில் எல்லோரும் போடும் போஸ்ட்கார்டு சைஸ் பிரிண்ட் ஆறு அங்குலத்துக்கு நாலு. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வைத்தால் 1800 பெருக்கல் 1200. இருபத்தொரு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள், அதாவது இரண்டு மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் கூட. அஞ்சே தாராளம்.

அந்தக் கணக்கைவிட என்னைக் கவனிக்க வைத்தது உள்ளே இருக்கும் சென்சாரின் அளவு. கிளிக் 3 கேமராவின் நெகட்டிவ் கிட்டத்தட்ட ஆறு சென்டிமீட்டர் சதுரம். இந்தச் சின்ன டிஜிட்டல் கேமராக்களின் சென்சார் அகலம் ஆறு மில்லிமீட்டருக்கு முன்னே பின்னே. பரப்பில் பார்த்தால் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் கடுகளவு இடத்தில் மேலும் மேலும் புள்ளிகளைத் திணித்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறைகிறது. கல்யாண மண்டபத்து மங்கல் ஒளியில் முகமெல்லாம் மணல் தூவியதுபோல் வருவது அதனால்தான். மங்கலில் முதலில் நாசமாவது கறுத்த முகம். எட்டு மெகாபிக்சல் என்று பெட்டியின் மேல் பெரிதாக எழுதியிருந்ததை நான் ஒதுக்கியதற்குக் காரணம் அதுதான்.

மற்றவை எங்கள் ஊர் வாழ்க்கை சொல்லிக்கொடுத்தவை. சாதாரண பேட்டரிக்கட்டை போடும் கேமராதான் வேண்டும் என்றேன். அனல் மின் நிலையமும் அணை மின்நிலையமும் கண்ணெதிரே இருக்கும் ஊரில், அடுத்து வந்த வருஷங்களில் மணிக்கணக்காக மின்சாரம் போனபோது, பெட்டிக்கடைக் கட்டை போட்டு எங்கள் கேமரா ஓடியது. கண்ணை வைத்துப் பார்க்க ஒரு துளை இருக்கவேண்டும் என்றேன். ஆடி வெயிலில் பின்பக்கத் திரையில் ஒன்றும் தெரியாது, நம் முகமே கண்ணாடியில் தெரிவதுபோல் தெரியும். டிஜிட்டல் ஜூமைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அது இருக்கும் படத்தை வெட்டிப் பெரிதாக்குகிறதே ஒழிய, தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் கொண்டுவருவதில்லை. லென்ஸ் நகரும் ஆப்டிகல் ஜூம் மூன்று மடங்கு இருந்தால் போதும்.

இத்தனைக்கும் மேலே ஒன்று. கடைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணன், "அம்மாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்றான். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து அண்ணனிடம் நீட்ட, நான் அதை வாங்கி அம்மா கையில் கொடுத்தேன். அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார்.

"இத எங்கீங்க அமுக்கோணும்?"

"மேல பெரிய பட்டன் இருக்குது பாருங்கம்மா."

சில கேமராக்களில் பட்டன் அரிசி மணி அளவுக்கு இருந்தது. பாத்திரம் தேய்த்துக் காய்ப்பேறிய விரலுக்கு அது அகப்படவே இல்லை. கேனன் பவர்ஷாட் ஏ வரிசையில் ஒன்று, வலப்பக்கம் பேட்டரிக்காகக் கொஞ்சம் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பில் அம்மாவின் விரல்கள் தானாகப் போய் உட்கார்ந்தன. கடை வாசலில் நின்றிருந்த என்னை ஒரு படம் எடுத்தார். எடுத்தது உடனே பின்னால் தெரிந்ததும், "காசு எவ்வளவு ஆகும்?" என்றார். ஒன்றும் ஆகாது, வேண்டாமென்றால் அழித்துக்கொள்ளலாம் என்றேன். திரும்பி அண்ணனை ஒன்று, கடைக்காரரை ஒன்று, தெருவில் போன பஸ்ஸை ஒன்று எடுத்தார். அதையே வாங்கினோம்.

வீட்டில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவை இரண்டே விஷயங்கள். பட்டனைப் பாதி அமுக்கி, பச்சைக் கட்டம் வந்த பிறகு முழுக்க அமுக்கவேண்டும். பழைய கிளிக் கேமரா அமுக்கிய நொடியில் எடுத்துவிடும். இது முதலில் ஃபோகஸ் தேடும், அதற்குள் ஆற்றில் குதிக்கும் பையன் தண்ணீருக்குள் போய்விடுவான். இரண்டாவது, நடுப்பகலிலும் ஃபிளாஷை வலிய எரியவைக்கவேண்டும். பின்னால் தண்ணீர் பளபளக்கும்போது கேமரா தண்ணீருக்கு வெளிச்சத்தை அளந்துகொண்டு முகத்தை இருட்டாக்கிவிடும். நாலைந்து அடியில் நின்று ஃபிளாஷ் போட்டால் நம் நிறம் நம் நிறமாகவே விழும். இந்த இரண்டாவதை அம்மா ஒரு நாளும் மறந்ததில்லை.

அம்மா எடுத்தவற்றில் அணை மிகக் குறைவு. பக்கத்து வீட்டுப் பெண்கள் இருப்பார்கள், சிரிப்பை மறைக்காமல். ஆண் கையில் கேமரா இருந்தால் அவர்கள் அப்படி நிற்கமாட்டார்கள். பொங்கல் அடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து, புகைக்குள் தங்கையின் முகம். குட்டி போட்ட ஆடு. அப்பா வாயைப் பிளந்து தூங்குவது.

எனக்கு மிகவும் பிடித்தது அம்மாயியின், அதாவது அம்மாவைப் பெற்றவரின் படம். காவிரியைத் தேக்கியபோது நீருக்குள் போன ஊர்களில் ஒன்றிலிருந்து, கைப்பிள்ளைகளோடும் மாடுகளோடும் மேடேறியவர்கள் அவர்கள் வீட்டார். அணை நன்றாக வற்றும் கோடைகளில் கொளத்தூர்ப் பக்கம் பண்ணவாடி பரிசல்துறையில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே வரும், பழைய கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரங்களும் தெரியும். ஜனங்கள் வேடிக்கை பார்க்கப் போவார்கள். அப்படி ஒரு கோடையில் எண்பதைத் தாண்டிய அம்மாயியைக் கைத்தாங்கலாக அம்மா கூட்டிப்போனார். நாங்கள் எல்லோரும் நந்தியைப் படமெடுக்க ஓடினோம். அம்மா அம்மாயியை எடுத்தார். வெடித்த சேற்றுத் தரையில் ஒரு கல்வரிசையைக் கைத்தடியால் சுட்டிக்காட்டி, இது இன்னார் வீட்டு வாசப்படி என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த நேரம். நந்தியின் படம் செய்தித்தாள்களில் எத்தனையோ முறை வந்துவிட்டது. அந்த வாசற்படி அம்மா எடுத்த படத்தில் மட்டும் இருக்கிறது.

அந்த வகைக் கேமராவின் காலம் சீக்கிரம் முடிந்தது. உலகம் முழுவதற்கும் 2010இல் ஜப்பானிய நிறுவனங்கள் அனுப்பிய சின்ன டிஜிட்டல் கேமராக்கள் பத்துக் கோடிக்கும் மேல். 2023இல் அது இருபது லட்சத்தைத் தொடவில்லை. 1975லேயே முதல் டிஜிட்டல் கேமராவைத் தன் கூடத்தில் செய்துபார்த்த கோடாக், 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டது. இப்போது அம்மாவிடமும் ஒரு போன் இருக்கிறது. பல போன்களில் முன்பக்கக் கேமராவைத் திறந்ததுமே தோலை மழுக்கி வெளுப்பாக்கும் ஏற்பாடு தானாக இயங்குகிறது. பேத்திகளோடு எடுத்த செல்ஃபியில் அம்மா வந்திருப்பது, ஸ்டுடியோவில் பென்சில் இழைத்த அதே முகத்தோடு. எழுபதைக் கடந்த தழும்பும் சுருக்கமும் எங்கோ போய்விட்டன. யாரும் கேட்காமலே போன் அதைச் செய்கிறது என்பது எனக்கு ஆறவில்லை. நான் செய்யும் முதல் வேலை, வீட்டில் எல்லார் போனிலும் அந்த ஏற்பாட்டைத் தேடி அணைப்பது.

போன மாதம் அண்ணன் மகள், "அத்தை, அப்பத்தாவோட பழைய டிஜிகேம் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். அவள் கல்லூரியில் இப்போது அதுதான் மோகமாம். பதினைந்து வருஷத்துக்கு முந்தைய கேமராக்களைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். அந்தப் படங்களில் முகம் உள்ளபடி இருக்கிறது என்றாள். எடுத்துக் கொடுத்தேன், கூடவே சில விஷயங்களையும் சொன்னேன். உள்ளே கிடந்த கட்டை ஒழுகிப் பச்சை பிடித்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் தகட்டைத் துடை. கார்டு பெரிதாக வாங்காதே, அந்தக் காலத்துக் கேமராக்கள் சில 2 ஜிபிக்கு மேல் ஏற்காது, பிந்தியவை 32 வரை ஏற்கும். தேதியைச் சரிசெய். எடுத்ததை மாதம் ஒரு தடவை கணினியில் இறக்கி, நல்லதாகப் பத்தைப் பிரிண்ட் போட்டு, பின்னால் யார், எந்த ஊர் என்று பென்சிலால் எழுது. ஆடிப்பதினெட்டுக்கு வரும்போது அதை அப்பத்தாவிடம் கொடுத்துவிட்டு, நீ அவர் பக்கத்தில் அடுப்பை ஊது. அரைமணி நேரம் கழித்துக் கைமாற்றிக்கொள்ளுங்கள், இரண்டு பேருமே படத்தில் வரவேண்டும்.