கழற்றவா, விடவா?

கேள்வி: ஜெர்மனியில் வாடகை வீட்டைக் காலி செய்கிறேன். என் செலவில் பொருத்திய சமையலறையைக் கழற்றிக்கொண்டு போகவா?

பதில்: விட்டுவிடுங்கள், ஆனால் சும்மா அல்ல. அங்கே பல வாடகை வீடுகளில் சமையலறை என்றால் நான்கு சுவரும் ஒரு குழாயும்தான்; அலமாரியும் அடுப்பும் குடியிருப்பவர் பாடு. மேடைப்பலகை அந்தச் சுவருக்கென்றே அளந்து அறுத்தது. புது வீட்டில் ஒரு சாண் நீளும், இல்லையேல் ஒரு முழம் குறையும். அதனால்தான் அடுத்துக் குடிவருபவரிடம் 'அப்லோசே' என்ற தொகை வாங்கிக்கொண்டு விட்டுப்போகும் வழக்கம் வந்தது. போட்ட காசு வருமா என்பீர்கள். வராது, வரவும் கூடாது. பொருளின் இன்றைய மதிப்பைவிடப் பாதிக்கு மேல் கூட்டி வாங்கினால் அந்தக் கூடுதல் செல்லாது என்பது நீதிமன்ற நிலை. வீடு கிடைக்காமல் தவிப்பவரின் அவசரத்துக்கு விலை போடுவது கொடுமை அல்லவா? வாங்க ஆளில்லாவிட்டால் கழற்றித்தான் ஆகவேண்டும். ஆகவே வீட்டுக்காரரிடம் இப்போதே பேசி, விட்டுப்போவதற்கான சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். ஃபிரிட்ஜ் மட்டும் உங்களோடு வரட்டும். அதற்கு எந்தச் சுவரும் ஒன்றுதான்.