உப்புக் காற்றில் மொறிஸ் மைனர்

கேள்வி: அப்பா ஓடிய மொறிஸ் மைனரை இப்போது நான் ஓடுகிறேன். ரயரின் கோடுகள் ஆழமாகவே இருக்கின்றன, மாற்றத்தான் வேண்டுமா? முன்விளக்கும் மங்கி எரிகிறது.
– வாசகர், பேசாலை

பதில்: ஓடாத ரயருக்கும் வயது போகும்! பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014இன் 23ஆம் வாரத்தில் பிறந்தது. பத்து வயது தாண்டியதென்றால் ஓய்வு கொடுத்துவிடுங்கள். 14 அங்குலச் சில்லுக்கு ஒடுங்கிய ரயரே அழகு. அகலமானதைப் போட்டால் ஸ்டியரிங் கனத்துவிடும்.

விளக்குக்கு பல்ப் வாங்க ஓடாதீர்கள். மன்னார்த் தீவில் கடற்காற்றின் உப்பு முதலில் தேடிப் பிடிப்பது ஏர்த் வயரின் பொருத்தைத்தான். கழற்றி, துரு போகத் தேய்த்து, வாஸ்லின் பூசி இறுக்குங்கள். பழைய மைனரில் பற்றரியின் நேர்முனைதான் பொடியோடு சேரும், மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.