மண்ணு வேற, சாக்கடை வேற

இன்னா பேராண்டி, ஒரகடம் காரு கம்பெனி பெயிண்ட் ஷாப்புக்குள்ள உடுறதுக்கு மின்னாடி உன்னை நிக்க வெச்சு, காத்தடிச்சுத் தூசி தட்றாங்களாமே. தட்டட்டும், காரு தும்மக் கூடாதில்ல! அதையே ஊட்லயும் பண்ணினா எப்டி? புள்ள தவழ்ற தரையில நாளுக்கு நாலு தபா டெட்டால். கொய்யா மரத்தாண்ட ஒரு புடி மண்ணை அது தொட்டா, உம் பொஞ்சாதி போடுற சத்தம் சுங்குவார்சத்திரம் வரைக்கும் கேக்குது.

உன் மாமனாரு அதுக்கு நேர் எதிரு. "நாங்கல்லாம் குட்டைத் தண்ணி குடிச்சு வளந்தவங்க, ஒடம்பு இரும்பு"ன்னு மீசைய முறுக்குறாரு. எங்கம்மா பெத்தது எட்டு, தங்குனது மூணு. போன அஞ்சும் வந்து சாட்சி சொல்லுமா? பொழச்சவன் மட்டும் பேசுற பஞ்சாயத்துல தீர்ப்பு எப்பவும் குட்டைத் தண்ணிக்குத்தான்.

அதுக்காக அவரு சொல்றது முழுப் பொய்யும் இல்ல. 1989ல டேவிட் ஸ்ட்ராச்சன்னு ஒரு இங்கிலீஷ்கார டாக்டரு 17,000 பேருக்கு மேல கணக்குப் பாத்தாரு. அண்ணன் அக்கா நெறைய இருக்கிற ஊட்டுப் பிள்ளைக்கு ஒவ்வாமைத் தும்மல் கம்மி. சின்ன வயசுல ஒண்ணுகிட்ட ஒண்ணு தொத்திக்கிறதால இருக்குமோன்னு எழுதினாரு. அதைப் புடிச்சுக்கினு "அழுக்கே மருந்து"ன்னு ஊரே கெளம்பிடுச்சு. 2003ல கிரகாம் ரூக்னு இன்னொருத்தரு குறுக்க வந்தாரு. ஒடம்பைப் பழக்குறது சளியும் அம்மையும் இல்ல. மண்ணுலயும் மாட்டுக் கொட்டாய்லயும் காலங்காலமா நம்மகூட இருக்கிற சாதுக் கிருமிங்கன்னாரு.

சீமைக் கதை எதுக்கு? நம்ம மண்ணையே கேளு. ஸ்ரீபெரும்புதூர் அப்போ செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்துலதான் 1968ல காசத்துக்கு பிசிஜி ஊசிய சோதிச்சாங்க. ரெண்டரை லட்சம் பேருக்கு மேல. சிலருக்கு நெச ஊசி, சிலருக்கு வெத்து ஊசி. வருசக்கணக்கா காத்துக் கெடந்து பாத்தா, பெரியவங்களுக்கு வர்ற நொரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவே இல்ல! பெரிய பெரிய டாக்டருங்க முழிச்சாங்க. அவங்க சொன்ன காரணத்துல ஒண்ணு: காசக் கிருமியோட பங்காளிங்க நம்ம மண்ணு, தண்ணியில இருந்து ஏற்கெனவே ஒடம்புக்குப் பழகிட்டதால, ஊசி புதுசா செய்ய ஒண்ணும் மிச்சமில்ல. மண்ணுக்கு அவ்ளோ மவுசுன்னா காசம் ஓடியிருக்கணுமே? ஓடல. கைக்குழந்தைக்கு மூளையில ஏறுற காசத்தை ஊசிதான் தடுக்குது. அதான் பொறந்த கையோட குத்துறாங்க.

இன்னொண்ணும் கேளு. 2021 டிசம்பர்ல பூந்தமல்லி பக்கம் ஆஸ்டல்ல தங்கி, இங்க செல்போன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த பொண்ணுங்க நூத்தம்பதுக்கு மேல சாப்பாடு ஒத்துக்காம ஆஸ்பத்திரியில படுத்துச்சுங்க. கூட இருந்ததுங்க பெங்களூரு ரோட்டையே மறிச்சுதுங்க, கம்பெனிய மூடினாங்க. அதுல எத்தனை பொண்ணு வயக்காட்டுச் சேத்துல ஆடினதோ! கெட்டுப்போன சோத்துக்கு முன்னாடி அந்தச் சேறு இன்னா பண்ணிச்சு?

அதனால புள்ளைய தோட்டத்து மண்ணுல உடு. லாரி எண்ணெய் ஒழுகின மண்ணுல உடாத. கக்கூஸ் போனா சோப்பு, சோத்துக்கு உக்காந்தா சோப்பு. ஊசிய தேதி தவறாம போடு. எந்த ஆஸ்டல்காரனாவது கழுவாத குண்டான்ல சோறு போட்டு "எதிர்ப்பு சக்தி வளரும்"னு சொன்னா, மொதக் கவளத்தை அவன் வாயில வெக்கச் சொல்லு.