நீல விளக்குப் புரவலருக்கு ஒரு வாழ்த்து மடல்

ஏற்றமிகு பெருந்தகையீர்! கல்வித்தந்தையே, கருணைப் பெருங்கடலே, ஆண்டுதோறும் ஏப்ரல் 2-ஆம் நாள் அந்தி சாயும் வேளையில் தங்கள் பள்ளியின் ஐந்து மாடிகளையும் நீல விளக்கால் போர்த்தி, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக ஊரையே ஒளிரவைக்கும் எங்கள் கலங்கரை விளக்கமே! வணக்கம்.

ஐக்கிய நாடுகள் அவை 2007-இல் ஏப்ரல் 2-ஐ உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் என்று அறிவித்தது. நாள் என்று சொன்னார்கள். தாங்களும் அந்த ஒரு நாளுக்கு மேல் ஒரு நாழிகைகூட எடுத்துக்கொண்டதில்லை. ஏப்ரல் 3 விடியுமுன் சர விளக்கைக் கழற்றி வாடகைக் கடைக்கு அனுப்பிவிடும் அந்த அளவறிந்த ஒழுக்கம் வேறு யாருக்கு வரும்!

இவ்வாண்டு விழாவின் சிறப்பைச் சொல்ல எங்களுக்கு நா ஒன்று போதாது. சிறு ஓசையும் ஊசியாய்த் தைக்கும் செவிகள் எங்கள் பிள்ளைகள் பலருடையவை. அந்தச் செவிகளுக்கென்றே செண்டை மேளம் வரவழைத்தீர்கள். மேடையின் இருபுறமும் ஆள் உயர ஒலிபெருக்கி வைத்தீர்கள். தாங்கள் உரையாற்றிய ஒன்றேகால் மணி நேரமும் பிள்ளைகள் இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தது, தங்கள் பொன்மொழியில் ஒரு சொட்டும் வெளியே சிந்திவிடக் கூடாதென்ற பேராவலால்தான். யாரும் தொட்டால் பதறும் சிறுவன் ஒருவனைத் தோளோடு இறுக்கி, படக்காரர் திருப்தியாகத் தலையாட்டும்வரை விடாமல் பிடித்திருந்தீர்களே, அந்தப் பற்று பெற்றவர்களுக்கும் இல்லாதது. மறுநாள் நாளிதழில் அவன் அழுத கண்ணும் தங்கள் புன்னகையும் அருகருகே வந்தன.

"இவங்க எல்லாம் தெய்வக் குழந்தைங்க" என்று அன்று அருளினீர்கள். தெய்வக் குழந்தைகளுக்கு மனிதர் செய்த பெஞ்சில் இடம் ஒதுக்குவது அபசாரம் அல்லவா? அந்த அபசாரத்தைத் தங்கள் பள்ளி இன்றுவரை ஒருமுறையும் செய்ததில்லை.

முல்லைக்குத் தேர் கொடுத்தான் பாரி. மயிலுக்குப் போர்வை கொடுத்தான் பேகன். முல்லையும் கேட்கவில்லை, மயிலும் கேட்கவில்லை. வாயில்லாதவற்றின் தேவையைத் தானாக அறிந்து அவசரப்பட்டுக் கொடுத்துவிட்ட மன்னர்கள் அவர்கள். தாங்களோ நிதானமே உருவானவர். எங்கள் பிள்ளைகளில் சிலருக்குப் பேச்சு வரவில்லை. வாய்திறந்து கேட்கட்டும், பிறகு பார்ப்போம் என்று இருபது ஆண்டுகளாகக் காத்திருக்கிறீர்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவருக்கும் வாய்க்காத பொறுமை இது.

தங்கள் நாவிலிருந்து 'இடமில்லை' என்ற கடுஞ்சொல் உதிர்ந்து யாரும் கேட்டதில்லை. "உங்க பையனுக்கு இதைவிட நல்ல ஸ்கூலா பாருங்கம்மா" என்பீர்கள். மாநிலத்திலேயே முதல் பள்ளி என்று பேருந்தின் முதுகிலெல்லாம் எழுதிவைத்திருக்கும் தாங்கள், இதைவிட நல்ல பள்ளி உண்டு என்று ஒப்புக்கொள்ளும் அந்தப் பணிவு எங்களைக் கண்டால் மட்டும் பூக்கும் அரிய மலர். முதலில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வேண்டும் என்றீர்கள். மருத்துவமனைக்கு நடையாய் நடந்து, நாற்பது கேள்விகளுக்கும் பிள்ளைக்கு மதிப்பெண் போட்டு வாங்கி, சான்றிதழைக் கொண்டுவந்து நீட்டினோம். "சான்றிதழே இருக்கே, அப்புறம் நாங்க எப்படிச் சேர்க்க முடியும்?" என்றீர்கள். கேட்டதற்கும் மறுத்ததற்கும் ஒரே காகிதத்தைப் பயன்படுத்திய சிக்கனம் வாழ்க! அரசின் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளிலும் இப்பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்கவேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதன் மேல் கொண்ட மரியாதையால் அதைத் தொட்டுக் கசக்காமல் வைத்திருக்கிறீர்கள்.

தாய்மாருக்குத் தாங்கள் வழங்கும் அறிவுரையை மறக்கலாமா? "நீங்க வேலைக்குப் போயிட்டு, போனைக் கையில குடுத்துட்டீங்க, அதான் இப்படி." தாயின் அன்புக்குறைவே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம் புத்தகம் எழுதினார். அதற்கு மூன்றாண்டு முன்பே, ஆட்டிசம் உள்ள மகனைப் பெற்ற உளவியலாளர் பெர்னார்டு ரிம்லண்ட் இது உடலோடு பிறக்கும் இயல்பு, தாயின் குற்றமல்ல என்று எழுதியிருந்தார். அறிவுலகம் கைகழுவிய பெட்டல்ஹைமின் கொள்கை போக்கிடமின்றி அலைந்தது. அதற்குத் தங்கள் அறையில் அடைக்கலம் கொடுத்துச் சோறிட்டு வளர்க்கிறீர்கள். எங்களுக்குத்தான் அந்த அறையில் உட்கார நாற்காலி போடவில்லை.

பதினெட்டு வயது நிறைந்த ஓர் இளைஞனுக்காகவும் தங்களிடம் வந்தோம். எழுத்து வரிசையில் புத்தகம் அடுக்குவதில் அவனுக்குக் களைப்பே வராது. ஒரு நூல் இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவான். தங்கள் கல்லூரி நூலகத்தில் அரை நாள் வேலை கேட்டோம். "அடுத்த ஏப்ரல்ல பேசலாம்" என்று நாள் குறித்துக் கொடுத்தீர்கள். எங்கள் காலத்துக்குப் பிறகு இவனுக்கு யார் என்று அவன் அப்பா கேட்டபோது, "கடவுள் பார்த்துக்குவார்" என்றீர்கள். தம் பொறுப்பு முழுவதையும் கடவுளுக்கே தாரைவார்த்த தங்கள் கொடைக்கு முன் தேரும் போர்வையும் எம்மாத்திரம்!

இந்த மடலை விழா மேடையிலேயே வாசித்தளிக்க எண்ணியிருந்தோம். நிகழ்ச்சி நிரலில் பெற்றோருக்கு நேரம் இல்லை என்றார்கள். ஆகவே வாயிற்காவலரிடம் கொடுத்துச் செல்கிறோம். இதனுடன் சிறுமி ஒருத்திக்கான சேர்க்கைப் படிவமும் இணைத்திருக்கிறோம். அவளுக்கு இந்த மாதம் ஆறு வயது நிறைகிறது. இவளைப் போன்ற பிள்ளைக்கு ஆறிலிருந்து பதினெட்டு வயதுவரை இலவசக் கல்வி உரிமை என்று அதே மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. இன்னும் பன்னிரண்டு ஆண்டு இருக்கிறது.

இங்ஙனம்,
தங்கள் வாசல்வரை வந்து திரும்பிய பிள்ளைகளின் பெற்றோர்.