திருச்சி நாலு மணி, சாங்கி எத்தனை மணி?

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து திருச்சிக்குச் சுமார் 3,000 கிலோமீட்டர். விமானம் நாலு மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால் என்பதால், கடிகாரக் கணக்கில் ஒன்றரை மணிதான். (1982 பிறக்கும்வரை தீபகற்ப மலேசியக் கடிகாரமும் இன்றைவிட அரை மணி பின்தங்கி ஓடியது. அன்று பறந்தவர்களுக்கு இந்த லாபத்தில் அரை மணி குறைச்சல்.)

ஜொகூரில் நாங்கள் இருக்கும் கூலாயிலிருந்து சாங்கிக்கு எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

பாட்டி காலத்தில் கணக்கு தலைகீழ். ரஜூலா கப்பல் சிங்கப்பூரில் புறப்பட்டு, பினாங்கைத் தொட்டு, நாகப்பட்டினம் போய்ச்சேர ஒரு வாரம் வாக்கில் ஆகும். 1926இல் கட்டிய அந்தக் கிழட்டுக் கப்பல் 1973 வரை நம்மவர்களைச் சுமந்தது. டெக்கில் பாய் விரித்த இடம்தான் சீட்டு. குமட்டலுக்குக் கோடாலித் தைலம். ஆனால் துறைமுகம் போவதை யாரும் பயணமாகவே எண்ணியதில்லை. தகரப்பெட்டியை பஸ் கூரையில் ஏற்றிக் கட்டினால் முடிந்தது. 1967 வரை ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் காஸ்வேயில் பாஸ்போர்ட் சோதனையே கிடையாது. "வெத்தல போட்டுத் துப்புறதுக்குள்ள சிங்கப்பூரு வந்துரும்" என்பார் பாட்டி.

இன்றும் அதே காஸ்வேதான், 1924இல் திறந்தது. நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூட. எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே 1974இல் வந்த செனாய் விமான நிலையம் இருக்கிறது. அங்கிருந்து சாங்கிக்கு நேர்கோடு போட்டால் 50 கிலோமீட்டர்கூட வராது. ராத்திரி விமானத்துக்கு நாங்கள் மத்தியானச் சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டுக் கிளம்புகிறோம்.

பள்ளி விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமையென்றால் கேட்கவே வேண்டாம். காருக்கு இடையே புகுந்து மோட்டார் சைக்கிள்கள் தேனீக்கூட்டம்போல் பறக்கும். நாங்கள் மைலோ டின்களைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு முன் காரின் நம்பர் பிளேட்டை மனப்பாடம் செய்வோம். பஸ்ஸில் போனால் இன்னும் விசேஷம்: இரண்டு கரையிலும் முப்பது கிலோ பெட்டியோடு இறங்கி, படியேறி, சோதனை முடித்து, மறுபடி வரிசை. 2024 முதல் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் சாவடியில் பாஸ்போர்ட்டை நீட்டவும் தேவையில்லை, போனில் க்யூஆர் கோடு காட்டினால் போதும். சாவடியை அடைவதற்கு எந்தக் கோடும் இன்னும் வரவில்லை.

திருச்சியிலிருந்து சித்தப்பா போன் போடுவார்.

"பிளேன் ஏறியாச்சாப்பா?"

"இன்னும் ஜொகூர் பாருலதான் இருக்கோம் சித்தப்பா."

"மத்தியானம் கேட்டப்பவும் ஜொகூர் பாருன்னுதானே சொன்ன?"

அவருக்கு எப்படி விளக்குவது? மணப்பாறைக்காரர் திருச்சி விமான நிலையத்துக்கு வர எல்லை தாண்ட வேண்டியதில்லையே.

இதற்கும் மருந்து தயாராகிறதாம். ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ஆர்டிஎஸ் ரயில்: 4 கிலோமீட்டர், ஐந்தே நிமிடம், இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறுமிடத்திலேயே. வீட்டில் இதை உற்சாகமாகப் படித்துக் காட்டினேன். அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டார்:

"அது சரி. கூலாய்லேருந்து புக்கிட் சாகாருக்கு எத்தன மணி நேரமாம்?"