வந்தவரும் போனவரும்

கேள்வி: பேஸ்பால் பருவத்தின் நடுவில் நல்ல பந்தெறிபவர் தேவைப்பட்டால், அனுபவஸ்தரை வாங்குவதா, இருக்கும் இளைஞர்களை நம்புவதா?

பதில்: 1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியார், வானப்பிரஸ்தத்தை நெருங்கிய 36 வயது டாயில் அலெக்ஸாண்டரை அட்லாண்டாவிடமிருந்து பெற்று, ஈடாகத் தங்கள் மிச்சிகன் மாநிலத்துப் பிள்ளையாண்டானாகிய 20 வயது ஜான் ஸ்மோல்ட்ஸைத் தாரை வார்த்தார்கள். வந்தவர், 9 ஆட்டங்களை வென்று, ஒன்றில்கூடத் தோற்காமல், பிரிவுப் பட்டத்தையும் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த சுற்றில் மின்னசோட்டாவிடம் இரண்டு முறையும் உதைபட்டுத் திரும்பினார். போனவரோ, சாவகாசமாக 213 வெற்றிகளைச் சேகரித்து, 2015-இல் கீர்த்தி மண்டபத்தில் பிரவேசித்தார். ஆகையால் அனுபவஸ்தரைத் தாராளமாக வாங்கலாம். அதன்பின் இருபது வருஷத்துக்கு அட்லாண்டாப் பத்திரிகைகளைப் படிக்காமலிருக்கும் வைராக்கியம் வேண்டும்.