கயிறா, கடப்பாறையா?

கே: ஆல்ப்ஸில் உள்ள மேட்டர்ஹார்ன் சிகரத்தில் ஏற ஆசை. தறியை விட்டு அவ்வளவு தூரம் போக முடியுமா?
– பட்டு நெசவாளர் ஒருவர், ஆரணி

ப: 4,478 மீட்டர் மேட்டர்ஹார்ன் காத்திருக்கும், முதல் மனிதரை அது தன் உச்சியில் ஏற்றுக்கொண்டதே 1865-இல்தான். அதற்குள் போளூர் பஸ்ஸைப் பிடித்துப் பர்வதமலைக்குப் போய் வாருங்கள். மலைபடுகடாம் சொல்லும் நவிரமலை இதுதான் என்பார்கள். ஏற இரண்டு வழி: தென்மாதிமங்கலம், கடலாடி. எதில் போனாலும் கடைசிச் சோதனை ஒன்றே! செங்குத்துப் பாறையில் அறைந்த இரும்புக் கடப்பாறைகளில் கால் வைத்து, சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டும். மேட்டர்ஹார்னிலும் உச்சிக்குக் கீழே கயிறு பிடித்துத்தான் ஏறுகிறார்கள். அங்கே மேலே இரும்புச் சிலுவை. இங்கே மல்லிகார்ஜுனரும் பிரம்மராம்பிகையும். நாள்தோறும் தறி மிதிக்கும் கால்களுக்கு ஏற்றம் பெரிதில்லை. மழை நாளில் மட்டும் வேண்டாம், பாறை வழுக்கும்.